ஐம்பத்தோராவது ஃபைலும் என் மகளின் வேலையும்

அன்பு மச்சானுக்கு,

இங்கு நானும் உன் அக்காவும் சௌக்கியம். அவளுடைய முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கும் எல்லோரும் நலம்தானே? போன தடவை வந்தபோது என் மகளைப் பார்த்து, "ஃபைல் எண்ணுறதுக்கெல்லாமா சம்பளம் தர்றாங்க?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நீயும் உட்கார்ந்து படி.

அவள் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ஒவ்வொரு நோயாளியின் ரிப்போர்ட்டும் சர்வரில் ஒரு ஃபோல்டரில் வந்து விழும். ஒரு புரோகிராம் அதை எடுத்து டாக்டருக்கு அனுப்பிவிடும். ஃபோல்டரில் ஃபைல் குவிந்தால், அனுப்புவது நின்றுவிட்டது என்று அர்த்தம். ஒருமுறை அப்படி நின்று, ஒரு நாள் முழுக்க யாருக்கும் தெரியவில்லை. அதனால் இவளாகவே ஓர் ஏற்பாடு செய்தாள்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரே எண்ணிப் பார்க்கும், ஐம்பதைத் தாண்டினால் மெயில் அனுப்பும். மேலாளரோ, "நல்லா ஓடுற வண்டிக்கு எதுக்கும்மா மணி?" என்று சொல்லிவிட்டு அந்த மெயிலைத் திறப்பதே இல்லை. வெள்ளிக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால்தான் இவளுக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. மெயில் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க என் முகவரியையும் சேர்த்தாள். "அப்பா, வந்தா எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

வியாழன் காலை பத்து மணிக்கு வந்தது: "ஃபைல்கள் 51. எல்லை 50." மகளைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை; சர்வர் அறைக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். முப்பத்து நான்கு வருடம் தபால் பிரிவில் குப்பை கொட்டியவன் நான், பதில் போடாமல் ஒரு கடிதத்தையும் விட்டதில்லை. "தங்கள் மெயில் கிடைத்தது. 51 குறித்துக்கொள்ளப்பட்டது" என்று போட்டேன். அடுத்து 54 என்று வந்தது. அதற்கும் போட்டேன். எழுதுவது என் மகளுடைய மெஷின் அல்லவா, போகப் போக மனசு இளகி, "கண்ணு, நேரத்துக்குச் சாப்பிடு", "கூன் போடாம உட்காரு" என்றெல்லாம் எழுத ஆரம்பிச்சுட்டேன். அந்த முகவரிக்கு எது போனாலும் அதே ஃபோல்டர்லதான் விழும்னு எனக்கென்ன தெரியும்? நான் பதில் போடப் போட எண்ணிக்கை ஏறுது, அது ஏற ஏற நான் பதில் போடுறேன்! தொண்ணூறு வந்ததும் மேலாளருக்கே போன் போட்டு, "ஐயா, தொண்ணூறு! என்ன பண்ணிட்டிருக்கீங்க?" என்று ஒரு சத்தம் போட்டேன். மனுஷன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு சர்வர் அறைக்கு ஓடினாராம்.

பத்தே நிமிஷத்தில் மகள் சரிசெய்துவிட்டாள். ஆபரேஷனுக்குக் காத்திருந்த ஒருவருடைய ரிப்போர்ட் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கூடவே என் பதில்களும் போய்ச் சேர்ந்தன. ஒரு சர்ஜன் கூப்பிட்டு, "ரத்த வகை கேட்டா, கூன் போடாம உட்காருன்னு வருது. யாருங்க இது?" என்று கேட்டிருக்கிறார்.

மேலாளர் வெள்ளிக்கிழமைக்குக்கூடக் காத்திருக்கவில்லை. "இந்த மணி அடிக்கலைன்னா நம்ம மானம் போயிருக்கும்மா" என்று அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். எனக்கு அழுகையே வந்துடுச்சு மச்சான். என் பொண்ணு ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கா. அதுல அப்பன் பங்கும் கொஞ்சம் உண்டு.

உன் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசி. எல்லோரும் ஐம்பதுவரையாவது எண்ணத் தெரிந்து வளரட்டும்.

பெருமையில் சட்டைப் பொத்தான் போட முடியாமல் இருக்கும்,
உன் அத்தான்

பி.கு.: மகள் இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். புதன்கிழமை சாயங்காலம் சோதனைக்காக வந்த மெயிலுக்கு, அவள் மூன்று வயதில் மூணு சக்கர சைக்கிள் ஓட்டும் படத்தை இணைத்துப் பதில் போட்டிருந்தேன். அவ்வளவு பெரிய படத்தை விழுங்க முடியாமல்தான் புரோகிராமே நின்றதாம். அவளே அதை மேலாளரிடம் சொல்லியும்விட்டாள்; நல்லவேளை, வேலை தப்பித்தது. ஆனால் சர்வரில் புதிதாக ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறாள்: "அப்பாவிடமிருந்து வந்த ஃபைல்கள்: எல்லை 0." எனக்கென்றே தனி எண்ணிக்கை, மச்சான்! உன் பிள்ளைகள் உனக்கு இப்படி ஏதாவது செய்ததுண்டா?