படுதாவுக்குப் பின்னால் சங்கு

இராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து ரகசியம் என்ற ஒன்றை அடியோடு ஒழித்துக்கட்டிய பெருமை சங்கு ஒருத்தியையே சேரும். அவள் நம் காதோடு ஒரு சங்கதி சொன்னால், தெருக்கோடியில் தபாலாபீஸ் வாசலில் நிற்பவர் "அப்படியா?" என்று திரும்பிப் பார்ப்பார்.

இப்போது அவளை நினைக்கக் காரணம் என் சின்ன மகள். இந்த வருஷம்தான் மதுரையில் பி.யு.சி. சேர்த்தோம். போன சனிக்கிழமை ஊருக்கு வந்தவள், சாப்பிட உட்கார்ந்ததும், காலேஜ் நாடகத்துக்குத் தன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்றாள். நான் ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றினேன். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அப்பா மட்டும் "இன்னொண்ணா?" என்று கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

முதல் நாடகம் பெரியவள் கமலாவுடையது. பத்து வருஷத்துக்கு முன்னால் அதே காலேஜில் அவள் இண்டர்மீடியட் முதல் வருஷம் படித்தாள். ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள்தான் சங்கு. அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நான் கேட்டதில்லை. முதல் நாள் விடியற்காலையில் கிணற்றடியிலிருந்து "யாருடி என் வாளிய எடுத்தது" என்று கேட்டிருக்கிறாள். ஆலைச் சங்கு ஊதிவிட்டதென்று நினைத்து ஹாஸ்டல் பெண்கள் அத்தனை பேரும் தட்டும் கையுமாகச் சாப்பாட்டுக் கூடத்தில் வரிசையில் நின்றார்களாம். அன்றோடு பெயர் நிலைத்துவிட்டது.

மண்டபத்துக்குப் பக்கத்தில் கடற்கரை ஊர் அவளுக்கு. அப்பா சம்மாட்டி. சொந்தமாக வள்ளங்களும் அவற்றில் கடலுக்குப் போக ஆட்களும் வைத்திருப்பவரை அந்தக் கரையில் அப்படிச் சொல்வார்கள். காற்று ஓயாத இடம். அங்கே கரையில் நிற்பவள் வள்ளத்தில் இருப்பவனிடம்தான் குடும்பமே நடத்த வேண்டும். கஞ்சி ஆறுகிறது என்பதையும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதையும் காற்றுக்கு எதிராக வீசி எறிந்தால்தான் போய்ச் சேரும். சங்கு பேசக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

அந்தக் கரையிலிருந்து பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்கப் போன முதல் பெண் அவள். அதுவும் ஒரே ஒரு வருஷத்துக்குத்தான். ராமேஸ்வரத்தில் அத்தை மகன் காத்திருந்தான். பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று சம்மாட்டி தன் தங்கையிடம் கேட்டு வாங்கிய அவகாசம் அது. கல்யாணம் முடிந்தால் படிப்பு கிடையாது.

முதல் விடுமுறையில் கமலாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்:

"படிப்பு போனாப் போகுதும்மா. ஒரே ஒரு தடவ மேடையில ஏறி நின்னு, சனம் பாக்க நாலு வார்த்த பேசிப்புடணும். அம்புட்டுத்தான். எங்கய்யாவுக்கு மட்டும் தெரியப்படாது. மேடையில ஏறுனா அத்தை வீட்டுல ஒரு சொல்லு வந்துரும்னு சொல்லித்தான் அனுப்புனாக."

இதை அவள் மிகுந்த அந்தரங்கமாகச் சொன்னாள். பக்கத்து வீட்டு அம்மாள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, தான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று உறுதி கொடுத்தார்.

நாடகத்துக்கு ஆள் எடுக்கும் நாளும் வந்தது. அதற்குப் பொறுப்பானவர் ஒல்லியான ஒரு விரிவுரையாளர். எப்போதும் தலைவலித் தைலம் மணக்கும். பெண்கள் அவரை மிஸ் என்பார்கள். தம்பியிடம் ஏமாந்துபோகும் ஓர் அரசனைப் பற்றி அவரே எழுதிய நாடகம். பெண்கள் காலேஜ் ஆதலால் அரசன் முதல் வாயிற்காவலன் வரை பெண்களே மீசை வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு வசனம் பேசச் சொன்னார். கமலா உயரம் என்ற ஒரே காரணத்துக்காக அரசன் ஆனாள். குரலைப் பற்றி மிஸ் யோசிக்கவில்லை. பூனை பாலைக் குடிக்கிறது என்று கமலா சொன்னால் அந்தப் பூனைக்கே கேட்காது.

சங்கு அரசியாக வந்து கணவனின் உயிருக்கு மன்றாடினாள். அந்த மன்றாட்டைக் கேட்டால் எதிரி நாட்டான் கோட்டைச் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடியிருப்பான். வாசலில் இருந்த காவல்காரர் கம்போடு ஓடிவந்து என்ன கலாட்டா என்று விசாரித்தார். அரசியைப் பிடுங்கிக்கொண்டு மந்திரி கொடுத்தார்கள். மந்திரியைப் பிடுங்கிக்கொண்டு சேவகன் கொடுத்தார்கள். கடைசியில் ஒற்றன் மிஞ்சினான். ஒற்றனுக்கு ஒரே வசனம். சதி செய்வது உங்கள் தம்பிதான் என்று அரசன் காதில் ரகசியமாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஒத்திகையில் சங்கு ரகசியம் சொன்னாள். அரசன் துள்ளி எழுந்தான். மேடையின் அந்தக் கோடியில் ஒன்றும் தெரியாதவனாக நிற்க வேண்டிய தம்பி, தன் பெயர் அடிபட்டதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டான். இப்படியே போனால் இரண்டாம் காட்சியிலேயே நாடகம் முடிந்துவிடும். மிஸ் குரலை இறக்கச் சொன்னார். இறக்கினால் வெறும் காற்று வந்தது, வார்த்தை வரவில்லை. "எங்க கரையில மெதுவாச் சொன்னா காத்து கொண்டுபோயிரும் மிஸ்" என்று சங்கு விளக்கினாள். ஒற்றனும் போனான்.

அன்று அவள் அழுதிருக்கிறாள். அழுகை பிரின்சிபால் அறை வரைக்கும் கேட்டதால், அதை நிறுத்துவதற்காகவே மிஸ் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். யாராவது வசனத்தை மறந்தால் பக்கத்துப் படுதாவின் மறைவிலிருந்து எடுத்துக்கொடுக்க வேண்டும். எல்லாருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் வாயைத் திறக்காமல் கையை அசைத்துக் காட்டு, போதும் என்று மிஸ் எச்சரித்தாராம்.

தனக்கு மேடை இல்லை என்று ஆனபிறகு சங்கு கமலாவின் குரலைப் பிடித்துக்கொண்டாள். அரையாண்டு விடுமுறையில் எங்கள் இருவரையும் தன் ஊருக்கு அழைத்துப் போனாள். அங்கே அவள் ஓர் ஒத்திகை நடத்தினாள். கமலாவை ஒரு வள்ளத்தில் ஏற்றினாள். கூடவே அவள் அய்யாவின் ஆட்கள் இரண்டு பேர். சங்கு கரையில் நின்றுகொள்வாள். கமலா வசனம் பேச வேண்டும். கேட்டால் சங்கு கையைத் தூக்குவாள். கை தூக்கினால் வள்ளம் இன்னும் கொஞ்சம் வெளியே போகும்.

இந்த ஏற்பாட்டின் கோளாறு எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. பெண் தேறத் தேறக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குக் குரல் எழும்ப வேண்டுமென்று வேண்டிக்கொண்டிருந்தவள், அவசரமாக வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். சாமிக்கு முதல் வேண்டுதல்தான் பிடித்திருந்தது போலிருக்கிறது. வள்ளம் ஒரு புள்ளியாகிவிட்டது. அதிலிருந்து "துரோகி, உன்னை என் மடியில் வளர்த்தேனே" என்று என் மகளின் குரல் தெளிவாக வந்தது.

அப்போதுதான் சம்மாட்டியைப் பார்த்தேன். ஆள் பனைமரம் மாதிரி இருந்தார். குரல் மட்டும் இல்லை. ஆயுளெல்லாம் கடலைப் பார்த்துக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை தேய்ந்துபோய், பக்கத்தில் வந்து நின்றால்தான் கேட்கிற மாதிரி ஒரு கரகரப்பு. நம்முடைய வள்ளத்தில் யாரோ சண்டை போடுகிறார்களே என்று என்னிடம் கேட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் சேர்ந்து பாடம் படிக்கிறார்கள் என்றேன். அவர் கடலைப் பார்த்தார், சங்குவைப் பார்த்தார். "நல்ல படிப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த நாடகம் எங்கள் ஊருக்கே வந்தது. நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவுக்கு அதைப் போடும்படி மிஸ்ஸைக் கேட்டிருந்தேன். நடிக்கிற பெண்களில் பாதிப் பேர் நம் பக்கத்துப் பிள்ளைகள் என்பதால் அவரும் சம்மதித்து ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார். பெற்றோர்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். சம்மாட்டி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து முன் பெஞ்சியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தன் மகள் மேடையில் இல்லை என்று ஏற்கெனவே அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் வந்திருந்தார்.

முதல் காட்சிகள் ஒழுங்காகப் போயின. கடற்கரைப் படிப்பு வீண் போகவில்லை என்று நானும் மூச்சு விட்டேன். கடைசிக் காட்சியில் கமலாவின் மீசை ஒரு பக்கம் பசை விட்டுத் தொங்கியது. அதைப் பார்த்து யாரோ ஒரு குழந்தை சிரித்தது. அவ்வளவுதான். என் மகளுக்கு அரசனும் மறந்துபோனான், நாடும் மறந்துபோனது. படுதா ஓரத்தில் ஒரு கை மட்டும் காற்றாடி மாதிரிச் சுற்றுவது தெரிந்தது. கமலா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு படுதாவுக்குப் பின்னாலிருந்து அரசன் பேசினான்.

கூடம் முழுக்கச் சிரித்தது. கமலா தொங்கும் மீசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தாள். இன்னும் சிரித்தார்கள். நான் என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தக் குரல் நிற்கவில்லை. வசனம் எடுத்துக்கொடுப்பதை அது எப்போதோ விட்டுவிட்டது. தம்பியைப் பார்த்து அரசன் கேட்க வேண்டியதையெல்லாம் அதுவே கேட்டது. உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைத் தாண்டினேனே, அப்போதே என்னைத் தள்ளியிருக்கலாமே என்று அது கேட்டபோது, பின்னால் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. மீசையைப் பிடித்தபடி நின்ற கமலாவைப் பார்த்தால், துக்கம் தாங்காமல் வாயைப் பொத்திக்கொண்ட அரசன் மாதிரியே இருந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சம்மாட்டி கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்ததும் கைதட்டு அடங்கவில்லை. மிஸ் எல்லாரையும் வரிசையாக நிறுத்தினார். பின்னாலிருந்து ஜனங்கள், ராசாவின் குரல் எங்கே, அந்தக் குரலைக் கூப்பிடுங்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். மிஸ்ஸே படுதாப் பக்கம் திரும்பிக் கையசைத்தார். என் இடத்திலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. சங்கு ஒரு காலை மேடைக்குள் எடுத்து வைத்தாள். அப்போது முன் பெஞ்சியில் அப்பா உட்கார்ந்திருப்பது அவள் கண்ணில் பட்டது. வைத்த காலை எடுத்துக்கொண்டாள்.

சம்மாட்டி எழுந்து வாயைத் திறந்து என்னவோ கூப்பிட்டார். அந்த ஆரவாரத்தில் அவர் தொண்டை என்ன செய்யும். பக்கத்தில் நின்ற எனக்கே கேட்கவில்லை. குனிந்து என் காதருகில் வந்தார்.

"டீச்சரம்மா, நான் இருக்கேன்னு பயந்து நிக்கிறா. ஏறச் சொல்லுங்க. அய்யாதான் சொன்னாகன்னு சொல்லுங்க."

நான் ஓடினேன். இந்த உடம்பை வைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் தாண்டி, தண்ணீர்ப் பானையைத் தட்டிவிட்டு, பின்பக்கப் படியில் ஏறினேன். கை நீட்டினால் சங்குவைத் தொடலாம். வாயைத் திறந்தேன். அதே நேரத்தில் எங்கள் பாட்டு டீச்சர், விழா தாமதமாகிறது என்ற கவலையில், தேசிய கீதத்தைத் தொடங்கிவிட்டார்.

கூடம் எழுந்து நின்றது. தேசிய கீதத்தின்போது இமை கூட அசையக் கூடாது என்று அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவள் நான். ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக அப்படியே நின்றேன். கண்ணால் சங்குவுக்குச் சைகை செய்தேன். மேடையைக் காட்டினேன், அவளைக் காட்டினேன். அவள் என்னைப் பார்த்து, நேராக நிற்கவில்லை என்று நான் கண்டிப்பதாக நினைத்துக்கொண்டு, கைகளை இடுப்போடு ஒட்டி இன்னும் விறைப்பாக நின்றாள். நின்று, எல்லாருக்கும் மேலாகக் கேட்கும்படி முழுப் பாட்டையும் பாடினாள். கடைசி அடியோடு, கயிறு பிடித்திருந்த பிள்ளைகள் முன்படுதாவை இறக்கிவிட்டார்கள்.

அதன்பிறகுதான் அய்யா சொன்னதைச் சொன்னேன்.

"எங்கய்யாவா?" என்றாள். "எங்கய்யாவா சொன்னாக?"

படுதாவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சிகள் நகரும் சத்தம் கேட்டது. மண்டபம் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று ஜனங்கள் பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சங்கு மெதுவாக நடந்து மேடையின் நடுவில் போய் நின்றாள். இறக்கிய படுதாவைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். கமலா மீசையைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சங்கு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அப்பாவோடு ரயிலுக்குப் போனாள்.

பரீட்சை முடிந்த கையோடு ராமேஸ்வரத்தில் கல்யாணம் நடந்தது. போய்விட்டு வந்தோம். மணவறையில் அவள் தலை நிமிரவில்லை. நல்ல மாப்பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டு ஒரு நிமிஷம் தாமதமாகத் தொடங்கியிருக்கலாம், அவ்வளவுதான்.

சின்னவளை நாடகத்துக்குப் போகச் சொல்லிவிட்டேன். பயம் இருக்கிறது. இருக்கட்டும்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் இப்போதும் வருஷம் தவறாமல் ஆண்டு விழா நடக்கிறது. தேசிய கீதத்துக்கு முன்னால் பாட்டு டீச்சரைச் சற்றுப் பொறுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கப் படுதாக்களையும் விலக்கிப் பார்த்துவிட்டு வருவேன். யாரைத் தேடுகிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். யாரையும் இல்லை, நீங்கள் தொடங்குங்கள் என்று சொல்கிறேன்.