மூக்கடைப்பு லீவு

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைவிட்டு நகருவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன். டிவியில் பேட்மிண்டன் இறுதி ஆட்டம். ஆனால் அன்றுதான் என் மனைவி யோகம்மாவின் தங்கை, பாலம் தாண்டி அக்கரையில் இருக்கும் புக்கிட் தெங்காவில் புதுவீடு குடிபோகிறாள். அவள் புருஷன் ஐயாத்துரை டைல்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டைல்ஸே தேய்ந்துபோகும்.

என் மூக்குதான் துணைக்கு வந்தது. அங்சானா மரங்கள் பூத்து ரோடெல்லாம் மஞ்சளாகும்போது எனக்குத் தும்மல் பிடித்துக்கொள்ளும். சாதாரணத் தும்மல் இல்லை. பக்கத்து வீட்டு சலேஹா அக்கா ஒருமுறை இடி என்று நினைத்துக் கொடித்துணிகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

இந்த வருஷம் சூலியா தெரு டாக்டர் முகம்மது கனி சின்ன போத்தலில் மூக்கு ஸ்ப்ரே கொடுத்தார்.

"பூந்தூள் அலர்ஜிலா இது. காலையிலயும் சாயந்திரமும் தலையைக் குனிஞ்சு அடிங்க. மாத்திரை மாதிரி தூக்கம் வராது."

அடித்தேன். தும்மல் நின்றது. இதை யோகம்மாவிடம் சொல்லாததுதான் என் திட்டம்.

சனிக்கிழமை முழுக்கப் பொய்த் தும்மல் போட்டேன்.

"மருந்து அடிச்சும் கேக்கலியா?" என்றாள்.

"என் மூக்கு யார் சொன்னாலும் கேக்காதுலா."

"உங்க குடும்ப மூக்கு வேற எப்படி இருக்கும்?"

"உன் தங்கச்சி வீட்டு வாசல்லயே அங்சானா மரம். பால் காய்ச்சுற நேரத்துல நான் தும்மினா சகுனம் என்னாவுறது?"

"அதுவும் சரிதான். வாசனைகூடத் தெரியலியா?"

"சாணிக்கும் சாம்பிராணிக்கும் வித்தியாசம் தெரியல."

பாவம், நெற்றியில் தைலம் தேய்த்துவிட்டாள். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இறுதி ஆட்டம் இறுதி ஆட்டம்தானே.

ஞாயிறு காலை, கழுத்தில் துண்டோடு டிவி முன்னால் நோயாளியாகச் சாய்ந்திருந்தேன். அடுப்படியில் யோகம்மா தங்கை வீட்டுக்குக் கேசரி கிண்டிக்கொண்டிருந்தாள். நெய் மணத்தது. வாயை மூடிக்கொண்டேன். ஏலக்காய் மணத்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து, குப்பென்று கருகல் நாற்றம்.

"யோகா, முந்திரி தீயுது பாரு."

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. அவள் வந்து என் எதிரே நின்றாள். கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சட்டை தேய்ச்சு வச்சிருக்கேன். கெரேத்தா சாவி மேசையில இருக்கு."

ஒரு தும்மல் போட்டுப் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை. சட்டையைப் போட்டேன்.

கார் கடல்பாலத்தில் போகும்போது, மடியில் கேசரிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "நான் தனியா போய் நின்னா நல்லாவா இருக்கும்? நீங்க பக்கத்துல இருந்தாத்தான் எனக்கு அங்க நிக்கவே தோணும்."

இப்படிச் சொன்னால் எந்த ஆம்பிளைதான் உருகமாட்டான்? ஐயாத்துரையின் டைல்ஸைக்கூட மன்னித்துவிட்டேன்.

"சரி விடு யோகா. கருகின முந்திரியெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டியா?"

"கேசரியில ஒண்ணும் கருகல," என்றாள், கடலைப் பார்த்துக்கொண்டே. "உங்க மூக்குக்குன்னு தனியா ஒரே ஒரு முந்திரியைத்தான் தீய விட்டேன்."