தானாகத் திறக்கும் குறிப்பு

இந்தக் கம்ப்யூட்டரா, நானா, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று பிளான்காரர் பல் விளக்கும்போதே தீர்மானித்துவிட்டார். வீடுகளுக்கு பிளான் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். முன்னறைதான் அலுவலகம். கம்ப்யூட்டரின் பட்டனை அழுத்திவிட்டுப் போய்க் குளித்து, துவட்டி, தலை வாரி வந்த பிறகும் அது கண்ணைத் திறந்திருக்காது.

"இது திறக்கிறதுக்குள்ள ஒரு வீட்டையே கட்டிடலாம்" என்றார் மனைவியிடம்.

"நீங்க போட்ட பிளான்படியா? படிக்கட்டு இல்லாமலா?"

ஒரே ஒரு முறை, ஒரே ஒரு மாடிவீட்டுக்குப் படிக்கட்டு வரைய மறந்துவிட்டார். அதை அவள் மட்டும் மறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ் அவள். டியூட்டி முடிந்து கிளம்பும்போது, எந்தக் கட்டிலுக்கு எத்தனை மணிக்கு என்ன மாத்திரை, என்ன செய்யக் கூடாது என்று அடுத்து வருபவருக்கு நம்பர் போட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் வருவாள். அப்படிப்பட்டவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா? அவர் முன்னறைக்குப் போனார்.

நோய் என்னவென்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் விழித்ததும், யாரும் கூப்பிடாமலே பதினேழு ப்ரோகிராம்கள் கூடவே எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தன. மழை வருமா என்று சொல்ல ஒன்று. என்றோ தூக்கிப் போட்ட பிரிண்டருக்காக ஒன்று. எதற்கென்றே தெரியாதவை ஒன்பது. ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த கூட்டம் மாதிரி இருந்தது அவருக்கு. பதினேழையும் ஆஃப் செய்து ரீஸ்டார்ட் கொடுத்தார். கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது.

இரண்டு வாரம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பால் போட வந்தவரைக்கூட நிறுத்தி, ஆன் செய்து காட்டினார்.

மூன்றாவது வாரம் ஒரு திங்கட்கிழமை. டியூட்டிக்குக் கிளம்பிய மனைவி முன்னறை வாசலில் நின்றாள்.

"இப்பல்லாம் சட்டுனு திறக்குது போல?"

"நான் யாரு?"

"வர வேண்டியது எல்லாம் வருதா?"

"வேண்டாததுதான் வரல."

"சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சரி சரியாக இல்லை. இருபது வருடமாக அவள் சொல்லும் சரிகளில் எது எந்த ரகம் என்று பிரித்துப் பார்க்கக் கற்றவர் அவர். வர வேண்டியது என்றால் எது? யோசித்தார். பிடிபட்டது. கல்யாண நாள்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு கல்யாண நாளை மறந்து நான்கு நாள் மௌனச் சாப்பாடு சாப்பிட்ட பிறகு, அவர் ரகசியமாக ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். தேதிக்கு மூன்று நாள் முன்னால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் ஒரு குறிப்பு தானாகத் திறக்கும். அதைப் பார்த்து எதையாவது வாங்கி வந்து, "நான் மறப்பேனா?" என்று நீட்டுவார். ஊரில் எந்தப் புருஷனுக்கும் இல்லாத ஞாபகசக்தி என்று மச்சானிடம் பீற்றிக்கொண்டதும் உண்டு. மாதம் இதுதான் என்று நிச்சயமாகத் தெரியும். தேதிதான் தகராறு. நாள் வரப்போகிறதா, போயே போய்விட்டதா?

கல்யாண ஆல்பத்தைப் புரட்டினார். எல்லாரும் சிரிக்கிறார்கள், ஒருவரும் தேதி சொல்லவில்லை. மச்சானுக்கு போன் போட்டார்.

"மச்சான், எங்க கல்யாணம் என்ன தேதி? ஒரு ஃபாரம் நிரப்பணும்."

"எனக்கு ஞாபகம் இல்லையே மாமா. இருங்க, அக்காவைக் கேட்டுச் சொல்றேன்."

"வேண்டாம் மச்சான். அந்த ஃபாரமே வேண்டாம்."

இனி அந்தப் பதினேழில் தேட வேண்டியதுதான். அந்தக் குறிப்பு எந்தப் பெயரில் இருக்கிறது? யாருக்குத் தெரியும்! தானாக வந்துகொண்டிருந்ததன் பெயரை அவர் எங்கே கேட்டு வைத்தார்? பதினேழையும் ஒரே அடியாக ஆன் செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டம் மறுபடி ஒன்றாக நுழைந்து கம்ப்யூட்டர் சிக்கிக்கொண்டால்? மூன்று மணிக்கு அவள் வருவாள், டியூட்டி அட்டவணை பார்க்க உட்காருவாள், கம்ப்யூட்டர் பழையபடி தூங்கும். மானம் போகும். ஆகவே ஒவ்வொன்றாக ஆன் செய்தார், ரீஸ்டார்ட் கொடுத்தார், காத்திருந்தார், மறுபடி ஆஃப் செய்தார். மழை வராது என்றது ஒன்று. இல்லாத பிரிண்டரை எங்கே என்று கேட்டது ஒன்று. சாப்பிடக்கூட எழவில்லை மனுஷன்.

பதினான்காவதில் திரை நடுவே மஞ்சள் கட்டம் ஒன்று திறந்தது.

'1. வியாழக்கிழமை கல்யாண நாள். 2. கைப்பை வாங்கவும். உள்ளே இரண்டு அறை, ஜிப் கட்டாயம். 3. நிறம் பழுப்பு. கறுப்பு வேண்டாம். 4. பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்க வேண்டாம். போன வருடச் செருப்பு மூன்றே மாதத்தில் அறுந்தது.'

வியாழன். இன்னும் மூன்று நாள் இருந்தது. நாற்காலியில் அப்படியே சாய்ந்தார். போன உயிர் திரும்பி வந்தது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எவ்வளவு விவரமாக எழுதி வைத்திருக்கிறேன், நான் சாமானியப்பட்டவன் இல்லை என்று தன்னையே மெச்சிக்கொண்டார். வருடத்துக்கு வருடம் தன் முன்யோசனை கூடிக்கொண்டே போவதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமை.

கடையில் பழுப்பு இல்லை. "கறுப்புதான் சார் எதுக்கும் பொருந்தும்" என்றார் கடைக்காரர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வியாழன் மாலை பொட்டலத்தை நீட்டினார். "நான் மறப்பேனா?"

அவள் பிரித்தாள். ஜிப்பை இழுத்துப் பார்த்தாள். உள்ளே இரண்டு அறையையும் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்துதான் இருந்தது. அவருக்கு மூன்று நாள் பாரம் இறங்கியது.

"எனக்குக் கைப்பை வேணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

"மனசு சொல்லிச்சு."

"கறுப்பு வேண்டாம்னு மூணாவதா எழுதியிருந்தேனே, அதை மனசு சொல்லலையா?"

பிளான்காரர் முன்னறைக் கம்ப்யூட்டரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் குறிப்பு..." என்றார் மெதுவாக. "அது நான் எழுதினதாச்சே."

"எழுதினீங்க, ஏழு வருஷத்துக்கு முன்னாடி, ஒரே ஒரு வரி" என்றாள் அவள், பழைய பையிலிருந்து சாமான்களைப் புதுப்பைக்கு மாற்றிக்கொண்டே. "அதுலயும் தேதி தப்பு."