மரியாதையாக ‘வேண்டாம்’ சொல்ல ஒரு பட்டன்

டோர்செட் பார்க்,
ஸ்காபரோ.

அன்புள்ள பெறாமகள் ஸ்டெபனிக்கு,

ஒட்டாவாவில் நீயும் குடும்பமும் நலமாயிருக்க மன்றாடுகிறோம். பெரியம்மா எமில்டா நலம். என் நலத்தைப் பற்றி இனி நான் எழுதத் தேவையில்லை. அது ஸ்காபரோ முழுக்கத் தெரிந்துவிட்டது. நீ இணையச் சட்டங்கள் எழுதும் அலுவலகத்தில் வழக்கறிஞராய் இருப்பதால் இந்த அநியாயத்தை உன்னிடமே முறையிடுகிறேன்.

போன மாதம் டொக்டர் எனக்கு மலச்சிக்கல் எண்டு சொல்லி, என்ன சாப்பிடுறன், காலமை எப்பிடிப் போகுது எண்டதை ஃபோனிலை ஒரு ‘அப்’ செயலியிலை பதியச் சொன்னவர். பதிஞ்சன். பதிஞ்சு முடிய அது, உங்கள் நண்பர்களுக்கும் இதைச் சொல்லலாமோ எண்டு கேட்டுது. பெரிய பச்சைப் பட்டனிலை ‘ஓம், சொல்லுங்கோ’. அதுக்குக் கீழை, கண்ணாடி போட்டாலும் தெரியாத சாம்பல் எழுத்திலை, ‘வேண்டாம், நண்பர்களின்ரை சுகத்திலை எனக்கு அக்கறையில்லை’. பிள்ளை, அப்பிடி ஒரு வசனத்திலை நான் எப்பிடிக் கை வைக்கிறது? பச்சையை அமத்தினன். ஃபோனிலை இருந்த அத்தனை பேருக்கும், பங்குச் சுவாமியார், பல்லு டொக்டர், மகள் நிரோஷினியைப் பெண் கேட்டு வந்த குடும்பம், எல்லாருக்கும் ‘அன்புராசா இன்று வயிற்றில் வெற்றி கண்டார், நீங்களும் சேருங்கள்’ எண்டு போயிட்டுது. பூசை முடிய சுவாமியார் என்ரை கையைப் பிடிச்சு, “உங்களுக்காக மன்றாடினனான்” எண்டார். மாப்பிள்ளையின்ரை தாய் பேர்ணடெற் பப்பாப்பழம் கொண்டுவந்து தந்திட்டு, “இது பரம்பரை வருத்தமோ?” எண்டு கேட்டா. அந்தச் சம்பந்தம் இன்னும் ஊசலாடுது. எமில்டா என்னோடை கதைக்கிறேல்லை.

சரி, கணக்கை அழிப்பம் எண்டு போனன். ‘உங்கள் குடல் கவலைப்படும்’ எண்டு ஒரு அழுமூஞ்சிப் படம், கீழை ‘கான்சல்’, ‘தொடரவும்’ எண்டு ரெண்டு பட்டன். கான்சல் பண்ணத்தானே வந்தனான், அதை அமத்தினன். அது நான் விலகிறதைக் கான்சல் பண்ணிப்போட்டு, ‘அன்புராசா எங்களோடு இருக்கத் தீர்மானித்துவிட்டார்’ எண்டு திரும்ப எல்லாருக்கும் அறிவிச்சுது.

“அப்பா, யூ கேவ் கன்சென்ற்” எண்டுறாள் நிரோஷினி. சம்மதம் என்னெண்டு எனக்குத் தெரியும். எங்களுக்குக் கலியாணம் பேசேக்கை எமில்டாவின்ரை தகப்பன் அவவைத் தனியக் கூப்பிட்டு, “வேண்டாமெண்டால் சொல்லு மோனை, ஒருத்தரும் கோவிக்கமாட்டினம்” எண்டு கேட்டவர். அதுதான் சம்மதம். ஆகவே சட்டத்திலை எழுது: ‘வேண்டாம்’ பட்டனும் ‘ஓம்’ பட்டன் அளவுக்கு இருக்கவேணும், மரியாதையாக் கதைக்கவேணும். சேர்ந்த வழியாலையே விலகவும் விடவேணும். ஒருத்தன்ரை வயித்துச் சமாச்சாரம் அவனுக்கும் டொக்டருக்கும் கர்த்தருக்கும் மட்டும். முறைப்பாட்டை என்ரை பேரிலை இண்டைக்கே பதி.

பிள்ளைகளுக்கு எங்கள் முத்தங்கள். மாதாவின் காவல் உங்கள் வீட்டை விட்டு நீங்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த பெரியப்பா
அன்புராசா

பி.கு.: முறைப்பாட்டைக் கொஞ்சம் பிற்போடு. கோயில் சபைத் தேர்தலிலை என்னைத் தோற்கடிச்ச மாக்கஸ் அந்த அழைப்பை ஏற்று அப்பிலை சேர்ந்திருக்கிறார். அவரின்ரை விபரம் ஒவ்வொரு காலமையும் எனக்கு வருகுது. மூண்டு நாளாய் ‘இன்றும் போகவில்லை’ எண்டுதான் வருகுது. நாளைக்கு என்னெண்டு பாத்திட்டுச் சொல்லுறன்.