உயிரோடிருக்கும் கந்தப்பன் எழுதிக்கொள்வது

உ

எருமப்பட்டி,
ஆனி மாதம், சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சிவக்குமார் அவர்களுக்கு, மச்சான் கந்தப்பன் கைப்பட எழுதுவது. குமாரபாளையத்தில் தாங்களும் என் தங்கை அன்புச்செல்வியும் குழந்தைகளும் சௌக்கியமாக இருக்கிறீர்களா, தறிகள் நிற்காமல் ஓடுகின்றனவா என்று அறிய ஆவல். இங்கே எல்லோரும் சுகம். முக்கியமாக நான் சுகம். உயிரோடு இருக்கிறேன். இதை முதல் பத்தியிலேயே எழுதித் தெரிவிக்க வேண்டிய நிலைமை எனக்கு எப்படி வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வாரத்தில் மூன்று தடவை கூப்பிட்டும், "தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலீங் மச்சான்" என்று வைத்துவிட்டீர்கள். காகிதத்துக்குத் தறிச் சத்தம் கிடையாது, பொறுமையாகப் படியுங்கள்.

நம் தனப்பிரியா விவசாயப் படிப்பை முடித்துவிட்டு, மேல்படிப்புக்கு அயர்லாந்து போகிறேன் என்று தை மாதத்திலிருந்து ஒற்றைக்காலில் நிற்பது உங்களுக்குத் தெரியும். என்ன படிப்பு என்றால் மண்ணைப் பற்றிய படிப்பாம். மண்ணைப் படிக்க ஏரோப்ளேன் ஏற வேண்டுமா மாப்பிள்ளை? இங்கே மண்ணுக்கு என்ன பஞ்சம், கதவைத் திறந்தால் சோற்றிலேயே விழுகிறது. நான் நாலாம் வகுப்போடு நின்றவன். கோழிப் பண்ணைகளில் எருவை வாரி, மூட்டை கட்டி, கேரளத்து ரப்பர் தோட்டத்துக்கும் இஞ்சிக் காட்டுக்கும் இருபத்தாறு வருஷமாக லாரியில் அனுப்புகிறேன். மண்ணுக்குச் சோறு போடுகிறவன் நான். என்னிடம் வந்து ஒரு வெள்ளைக்காரனும் பாடம் கேட்கவில்லை. சரி, பெண் ஆசைப்படுகிறாள், வேண்டாம் என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன். அப்போதுதான் மாசித் திருவிழாவுக்கு வந்த நீங்கள், இலையில் மூன்றாவது தடவை சாதம் வாங்கிக்கொண்டே, "சேலத்துல நமக்குத் தெரிஞ்ச பையன் குணசீலன்னு ஒருத்தன் கன்சல்டன்சி வச்சிருக்கானுங் மச்சான், அப்ளிகேசன்ல இருந்து ஏரோப்ளேன் ஏத்தற வரைக்கும் அவனே பாத்துக்குவான், நீங்க கையெழுத்துப் போட்டா மட்டும் போதும்" என்று சொன்னீர்கள். ஒரு லோடு எரு வாங்கினாலும் முழங்கை வரைக்கும் கையை விட்டு ஈரம் பார்த்துத்தான் வாங்குவேன். இந்த விஷயத்தில் மட்டும் உங்கள் வார்த்தையை நம்பிக் கையை விட்டுப் பார்க்கவில்லை. என் தப்பு.

அந்த ஆபீசைப் போய்ப் பார்த்தேன். குணசீலன் அன்றைக்கு வெளியூராம், ஆளைப் பார்க்க முடியவில்லை. சுவரில் ஐந்து கடிகாரம். லண்டனுக்கு ஒன்று, டொராண்டோவுக்கு ஒன்று, சிட்னிக்கு ஒன்று. சேலத்துக்கு மட்டும் இல்லை. மணி என்ன ஆச்சு என்று கேட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிற பெண் செல்போனை எடுத்துப் பார்த்துச் சொல்கிறது. விண்ணப்பத்தோடு வைக்கிற கட்டுரை எழுத ஒரு செக்ஷன், பண விஷயத்துக்கு ஒரு செக்ஷன், ஒருவர் என்ன செய்கிறார் என்று மற்றவருக்குத் தெரியாது. நம் லோடுமேன்களே தேவலாம், ஒருவன் கூடையைத் தூக்கினால் மற்றவன் எங்கே கொட்டுகிறான் என்றாவது பார்ப்பான். பண செக்ஷன் என்னைக் கூப்பிட்டு, பெண்ணின் படிப்புச் செலவை நான் ஏற்கிறேன் என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கியது. அதில் என் தொழிலை 'இயற்கை இடுபொருள் ஏற்றுமதி' என்று போட்டிருந்தார்கள். கோழி எரு என்று எழுதினால் காகிதம் நாறிவிடுமாம்.

இப்படி இருக்கையில் போன புதன்கிழமை மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. எடப்பாடியிலிருந்து நம் பாப்பாயி அத்தை, கூட எட்டுப் பேர், கையில் ஆளுயர ரோஜா மாலை, கோடி வேட்டி. "அய்யோ என்ற சாமீ, போயிட்டயாடா" என்று அத்தை கேட்டிலிருந்தே மாரில் அடித்துக்கொண்டு வந்தது. நான் வாயில் சோற்றோடு எழுந்து நின்றேன். அத்தை என்னைப் பார்த்தது. அழுகை நின்றது.

"ஏன்டா கந்தப்பா, உசுரோடதான் இருக்கறயா?"

"இருக்கறனுங் அத்தே."

"அப்பறம் என்னத்துக்குடா சொல்லாம உட்ட?"

"என்னன்னுங் சொல்றது? நான் இன்னைக்கும் சாகலைன்னு தெனமும் போன் பண்ணிச் சொல்லோணுங்களா?"

"வாயப் பாரு. தறிய நிறுத்திப்போட்டு எட்டுப் பேரு வேன் புடிச்சு வந்திருக்கறம். கோடி எடுத்தாக் கடைக்காரன் திருப்பி எடுத்துக்குவானா? இந்தா, நீயே கட்டிக்க. நல்ல வேட்டிதான்."

நல்ல வேட்டிதான் மாப்பிள்ளை. அதைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரி, உங்கள் அக்கா, பார்த்துவிட்டு ஒரு பொழுது எனக்குச் சோறு போடவில்லை. வந்த எட்டுப் பேருக்கும் சாப்பாடு போட்டாள், அவர்களும் வயிறாரச் சாப்பிட்டார்கள், ஆனால் ஒருவர் முகத்திலும் நான் பிழைத்துக் கிடக்கிறேன் என்ற சந்தோஷத்தைக் காணோம். வந்த வேலை கெட்டுப்போன மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கே கேள்விப்பட்டீர்கள் என்று கேட்டதற்கு அத்தையின் பேரன் செல்போனைக் காட்டினான். குணசீலன் ஆபீசின் விளம்பரம். நம் பெண்ணின் போட்டோ, கீழே கொட்டை எழுத்தில், 'தந்தையை இழந்தும் தளராத தனப்பிரியா! அயர்லாந்து கனவு கைகூடுகிறது!' சீட்டு இன்னும் வரவில்லை, அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. அதே சாயங்காலம் பல்கலைக்கழகத்திலிருந்தும் மெயில் வந்தது. 'உங்கள் கட்டுரையில் தந்தை நான்கு வருஷத்துக்கு முன் இறந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். போன மாதம் அவரே செலவை ஏற்பதாகக் கையெழுத்திட்டிருக்கிறார். ஐந்து நாளுக்குள் விளக்கம் தரவும், இல்லையேல் விண்ணப்பம் தள்ளுபடி.' வெள்ளைக்காரன் ஈரம் பார்த்துத்தான் வாங்குகிறான்.

வியாழக்கிழமை குணசீலன் ஓடி வந்தார். குடோன் ஆபீசில் என்னைப் பார்த்தார், எனக்குப் பின்னால் சுவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார், அங்கே இருந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் விவரம் வெளியே வந்தது. எடைமேடை திறந்தபோது பட்டுச் சட்டையில் எடுத்த என் போட்டோ அந்தச் சுவரில் இருக்கிறதல்லவா, போன ஆயுத பூஜையில் நம் லோடுமேன்கள் லாரிக்கும் தராசுக்கும் மண்வெட்டிக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, மிச்சமானதை எனக்கும் வைத்து, ஒரு சந்தன மாலையும் போட்டு, அடியில் சின்ன சிவப்பு பல்பையும் எரியவிட்டிருந்தார்கள். நல்ல மாலை, கழற்ற மனசு வராமல் நானும் விட்டுவிட்டேன். குடும்பப் பின்னணி பார்க்கிறேன் என்று நான் வயநாடு போயிருந்த அன்றைக்கு வந்த குணசீலன், அந்த போட்டோவைப் பார்த்து, ஷூவைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஒரு ஆளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "துக்கத்தக் கௌறக் கூடாதுன்னு நெனச்சனுங்ணா" என்கிறார். என்ன நாகரிகம் பாருங்கள்.

கட்டுரையைப் படித்துச் சொல்லச் சொன்னேன். எனக்கு ஒரு குடிசை கொடுத்திருக்கிறார். செருப்பு கொடுக்கவில்லை. மழை பொய்த்த காட்டில் கடைசி உழவு ஓட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறேன், மகள் மடியில் தலை வைத்து அரைப் பக்கம் இங்கிலீஷில் பேசிவிட்டுச் சாகிறேன். உயிரோடு இருந்த அம்பத்திரண்டு வருஷத்தில் வராத இங்கிலீஷ், சாகும்போது வந்திருக்கிறது. "இப்ப என்ன பண்றதுங்க தம்பி?" என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் வழி இருந்தது. "ஒரே ஒரு டெத் சர்டிபிகேட் மட்டும் ரெடி பண்ணிட்டாப் போதுங்ணா. செலவு லெட்டர உங்க மாப்பிள்ளை பேர்ல மாத்திக்கலாம். அங்க மட்டும்தானுங்ணா நீங்க இருக்க மாட்டீங்க. இங்க வழக்கம்போல இருந்துக்கலாம்." உங்களிடம் கேட்டாயிற்று, நீங்களும் சரி என்றுவிட்டீர்கள் என்றும் சொன்னார். மூன்று தடவை தறிச் சத்தம் ஏன் கேட்டது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவரை அனுப்பிவிட்டுப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"இத அனுப்பறதுக்கு முன்னால நீ படிச்சுப் பாக்கலையா சாமி?"

"பாத்தனுங்ப்பா."

"பாத்துமா, அப்பன் செத்தாச் சாவட்டும்னு உட்டுட்ட?"

"மாத்தச் சொல்லலாம்னுதானுங்ப்பா இருந்தேன். அப்பறம் கடைசிப் பக்கம் படிச்சேன். அதுல அந்த அப்பா, 'எந்தத் தேசமா இருந்தாலும் போயிப் படிச்சுட்டு வா'ன்னு சொல்றாரு. நீங்க ஆறு மாசமா பாக்கலாம் பாக்கலாம்னே சொல்றீங்க. அந்தப் பக்கத்த அழிக்கச் சொல்ல எனக்கு மனசு வரலீங்ப்பா."

நான் எழுந்துபோய் லாரிக்குத் தார்ப்பாய் சரியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். மழைக்கு மேகமே இல்லை. இருந்தாலும் எல்லாக் கயிற்றையும் அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை நான் சொல்லச் சொல்ல அவளே இங்கிலீஷில் பதில் எழுதினாள். என் அப்பா பெயர் கந்தப்பன். சாகவில்லை. கோழி எரு விற்கிறார். கட்டுரையை எழுதியது வேறு ஆள், படித்துப் பார்த்துவிட்டு அனுப்பியது நான், அது என் தப்பு. அவ்வளவுதான். குணசீலன் போனில், "எருன்னு மட்டும் போட வேண்டாமுங்ணா" என்று கெஞ்சினார். சும்மா இருக்கச் சொன்னேன். எருக் குவியலுக்கு முன்னால் அன்றைய பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி என் போட்டோவையும் சேர்த்து அனுப்பினோம். இந்த நிமிஷம் வரை பதில் இல்லை.

பதில் வந்தாலும் வராவிட்டாலும் அவள் போகப்போவதில்லை, இது என் முடிவு. அப்பனைக் கொன்றால்தான் சீட்டு என்கிற ஊரில் என்ன படிப்பு இருக்கும்? மழையும் பனியும் குளிரும், மண்ணையே கண்ணால் பார்க்க முடியாதாம். கோயமுத்தூரிலேயே படிக்கட்டும், சனிக்கிழமை பஸ் ஏறினால் பொழுதோடு வீட்டுக்கு வந்துவிடலாம். ஆகவே நீங்கள் நாளை மறுநாள் சேலம் போய், குணசீலனிடம் இருக்கும் அவளுடைய ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி வந்து என்னிடம் ஒப்படைக்கவும். நீங்கள் கொண்டுபோய் விட்ட இடம், நீங்களே போய் எடுத்து வருவதுதான் முறை. சும்மா வராமல் அந்த விளம்பரத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டு வரவும். இன்னும் வெப்படையிலிருந்து ஒரு வேன் வருவதாகக் கேள்வி.

அன்புச்செல்விக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசீர்வாதம். உங்களுக்கு நூல் விலை இறங்கட்டும், ஜவுளி விலை ஏறட்டும், காது நன்றாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை சாகாத உங்கள் மச்சான்,
கந்தப்பன்.

பின்குறிப்பு: புதன்கிழமை. உங்கள் தெருவின் பின்கோடு தெரியாமல் கடிதம் மேசையிலேயே கிடந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. சேலம் போக வேண்டாம். சர்டிபிகேட்டுகள் அங்கேயே இருக்கட்டும், விசாவுக்கு வேண்டுமாம். திங்கட்கிழமை ஒரு பேராசிரியை அம்மாள் தனப்பிரியாவை வீடியோவில் கூப்பிட்டு முக்கால் மணி நேரம் குடைந்தெடுத்தார். இன்னொரு முறை அடுத்தவர் எழுதியதை அனுப்பினால் வெளியே என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, இன்று காலை சீட்டு கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தில், 'உங்கள் தந்தை உயிரோடிருப்பது அறிந்து மகிழ்ச்சி' என்று ஒரு வரி இருக்கிறது. மாப்பிள்ளை, நம் ஆட்களில் இதுவரை ஒருவரும் என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆவணி மாதம் கிளம்புகிறாள், எல்லோரும் வந்துவிடுங்கள். மேலே எழுதியதில் கோயமுத்தூர் பற்றிய இடத்தை அடித்துவிட்டுப் படிக்கவும், மற்றதெல்லாம் அப்படியே நிற்கும். ஊட்டிக்கு லோடு போன டிரைவரிடம் சொல்லி இரண்டு கனமான ஸ்வெட்டர் வாங்கி வரச் செய்து, பீரோவில் உங்கள் அக்காவுக்கும் தெரியாமல் வைத்திருந்தேன். அது சித்திரை மாதத்தில். இன்று எடுத்துக் கொடுத்தேன். எரு லாரியில் வந்த துணி, மூன்று தடவை துவைத்தும் வாடை போகவில்லை. நாலாவது தடவை ஊறப்போட எடுத்தேன், "போதும் உடுங்ப்பா" என்று பிடுங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.