போக்கர் முகமும் பெண் பார்க்க வந்த நாளும்

காட்டுப்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்பு மைத்துனன் பூபாலனுக்கு, உன் மாமா கோதண்டம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அக்காள் அனுசுயாவும் உன் மருமகள் தேவிப்பிரியாவும் சுகம். என் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். பெங்களூர்க் குளிரில் நீயும் குழந்தைகளும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ படிக்காமலேயே ஒரு கட்டைவிரலை அனுப்பிவிடுவாய் என்பதால் தபாலில் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நடந்ததை நினைவுபடுத்திக்கொள். எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியில் ஓய்வுபெற்ற நாலைந்து பேர் சாயங்காலம் ரம்மி ஆடுவோம், பந்தயம் புளியங்கொட்டைதான். ஆவடி தொழிற்சாலையில் இத்தனை காலமும் மெஷின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பழகியவன் நான். ஜோக்கர் வராவிட்டால் கத்துவேன், வந்தால் இன்னும் பலமாகக் கத்துவேன், கீழ்வீட்டுக் குழந்தை எழுந்து அழும். அதைப் பார்த்துவிட்டு நீதான், "மாமா, உங்களுக்கு ரம்மி ஒத்துவராது. போக்கர் கத்துக்குங்க, மனசு ஒரு கட்டுக்குள்ள வரும்" என்று ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து சீட்டு என்று விரித்து உட்கார்ந்தாய். சீட்டைவிட உபதேசத்தைத்தான் அதிகம் போட்டாய். நல்ல சீட்டு வந்தால் சிரிக்கக் கூடாது, கெட்ட சீட்டு வந்தால் உதட்டைப் பிதுக்கக் கூடாது, எதிராளி என்ன சொன்னாலும் உடனே பதில் பேசக் கூடாது, மனசு பொங்கினால் எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும். நானும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். உன் அக்காள் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டபோதுகூட முகத்தில் ஒரு சுருக்கம் காட்டவில்லை. அன்று சாம்பாரில் உப்பு இல்லை, அதற்கும் காட்டவில்லை. மாடியில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தார்கள்.

இப்படி நான் பக்குவப்பட்டு வந்த நேரத்தில்தான் நசரத்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பெண் பார்ப்பது என்பது ஊருக்குச் சொல்வது. பையன் தேவாவும் நம் தேவிப்பிரியாவும் அம்பத்தூரில் ஒரே ஆபீஸில் வேலை பார்த்து, எல்லாவற்றையும் தாங்களே பேசி முடித்துவிட்டார்கள், பெரியவர்கள் தட்டை வைத்து ஒரு வார்த்தை சொல்வதுதான் பாக்கி. பையனின் அப்பா சின்னசாமி, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், அம்மா கன்னியம்மா. பையனைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. தன் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்தவன், அப்பா செருப்பையும் குனிந்து சரியாக வைத்தான். கேசரி, பஜ்ஜி முடிந்ததும் சின்னசாமி பூவும் பழமும் வெற்றிலையுமாக இருந்த தட்டை என் பக்கம் நகர்த்தி, "எங்களுக்குப் பொண்ண ரொம்பப் புட்ச்சிகீது சம்பந்தி. நீங்க இன்னா சொல்றீங்க?" என்றார். பூபாலா, எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது. உடனே உன் பாடம் நினைவுக்கு வந்தது. வாயைத் திறக்கவில்லை, முகத்தை இறுக்கிக்கொண்டு எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து உட்கார்ந்தால் தேவிப்பிரியா கதவோரம் நின்று என்னையே பார்க்கிறாள், மறுபடியும் பொங்கியது, மறுபடியும் போய்க் குடித்தேன். அடுத்த தடவை எழுந்தபோது கன்னியம்மா மெதுவாக உன் அக்காளிடம், "இன்னாமா, அண்ணனுக்கு சக்கர எதனா கீதா?" என்று விசாரித்தார். கடைசியில் நான் சொன்னது, "யோசிச்சுச் சொல்றேன்."

தட்டு தொடப்படாமலே கிடந்தது. சின்னசாமி படியிறங்கும்போது மனைவியிடம் சொன்னது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. "மூஞ்சில ஒண்ணுமே தெர்லயே. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்றதுதானே? எதுக்கு நம்மள குந்த வச்சிட்டு தண்ணி குட்ச்சிகினு கீறாரு?" தேவிப்பிரியா அழக்கூட இல்லை. "உனக்கு இஷ்டமில்லேன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாம்ப்பா" என்றாள், அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு எடுத்து வைத்தாயிற்று என்பதைக்கூட அம்மா வழியாகத்தான் எனக்குத் தகவல். இஷ்டம்தான், அது போக்கர் முகம் என்று விளக்கப் பார்த்தேன், விளக்க விளக்க இன்னும் மோசமாயிற்று. என் முகத்தால் என் பெண்ணின் கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. உன் அக்காள் சட்டையை எடுத்துக் கையில் கொடுத்து, "போய் வாயத் தொறந்து சொல்லிட்டு வாங்க. மூஞ்சியையும் கூடவே எடுத்துட்டுப் போங்க" என்று அனுப்பிவைத்தாள்.

பூந்தமல்லி வரை பஸ், அங்கிருந்து நசரத்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சின்னசாமி உட்காரச் சொன்னார், டீ வந்தது, அவ்வளவுதான். அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. நீ பார்த்திருந்தால் பாராட்டியிருப்பாய். அப்படிப்பட்ட முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீ ஆறிப்போயிற்று. ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்து, "உங்க பையன எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க. எம்பொண்ணு எங்கிட்டப் பேச மாட்டேங்கிறா" என்று சொல்லி அழுதுவிட்டேன். சின்னசாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் ஒழுங்கா துன்னிட்டுத் தூங்கியிருப்பேன் சம்பந்தி. எம்புள்ள மூஞ்சத் தூக்கி வச்சிகினு ஊட்டுக்கே வர்றதில்ல" என்று அவரும் மூக்கைச் சிந்தினார். கன்னியம்மா எனக்கென்று தனியாகச் சர்க்கரை போடாத டீ ஒன்று கொண்டுவந்தார், மறுக்க மனம் வராமல் அதையும் குடித்தேன்.

ஆக, ஆவணியில் கல்யாணம், திருவேற்காட்டில் மண்டபம் சொல்லியாயிற்று. தாய்மாமன் நீ முன்னதாகவே வந்துவிட வேண்டும். தேவிப்பிரியா என்னிடம் பேசுகிறாள், ஆனால் மேலதிகாரியிடம் பேசுவதுபோல ஓரிரு வார்த்தைதான். போக்கரை நான் இன்றோடு விட்டுவிட்டேன். சீட்டுக்கட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடப்போகிறேன். இனி சந்தோஷமோ துக்கமோ மனதில் உள்ளதை அப்படியே காட்டுவேன், கோபத்தை மட்டும் காட்ட மாட்டேன், அதை அடக்கும் வித்தை எனக்குக் கைவந்துவிட்டது. அந்த அளவில் உனக்கு நன்றி. உன் வீட்டில் எல்லாரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா கோதண்டம்.

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். அன்றைக்கு ஏன் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டார். விளக்குவதற்காகச் சீட்டுக்கட்டை எடுக்க வேண்டியதாயிற்று, ஒரே ஒரு ஆட்டம் என்று மாடிக்குப் போனோம். அவர் கையில் இருந்தது ஒரு ரெண்டும் ஒரு ஏழும், எதற்கும் உதவாத சீட்டு. அதை வைத்துக்கொண்டு வெல்டிங் முகமூடி போட்டவர் மாதிரி உட்கார்ந்து, புளியங்கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார். பயந்துபோய் நான், ஜெயிக்க வேண்டிய ராஜா ஜோடியைக் கவிழ்த்து வைத்துத் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டேன். அப்புறம் அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். நான் துள்ளி எழுந்து, தெருவுக்கே கேட்கும்படி, "இந்தச் சம்பந்தமே வேண்டாம்யா" என்று கத்திவிட்டேன். தேவிப்பிரியா படியேறி ஓடி வந்தாள். சம்பந்தி புளியங்கொட்டையைத் துண்டில் வாரிக்கொண்டே, "பத்திரிகை அடிக்கக் குட்த்தாச்சு சம்பந்தி. குந்து, சீட்டப் போடு" என்றார். என் பெண் எங்கள் இருவரையும் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டு, "நீ கத்துப்பா. கத்தினாத்தான் எனக்கு எங்கப்பா மாதிரி இருக்கு" என்றாள்.