மேட்னி பார்த்த மாப்பிள்ளை

சினிமாவுக்காகப் பட்டினி கிடந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் ஒரே ஒரு சினிமா பார்த்து, பதினான்கு பேரைப் பட்டினி போட்டவன்.

அறுபதுகளின் நடுவில், செஞ்சியில் நைனாவின் மல்லாட்டை மண்டியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவை நைனா என்பதும் நிலக்கடலையை மல்லாட்டை என்பதும் எங்கள் பக்கத்து வழக்கம். (வேலை பார்த்தேன் என்று எழுதினால் நைனா மேலுலகத்திலிருந்து இறங்கி வந்து அடிப்பார்.) ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல்சித்தாமூரில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு. நாங்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டோம். அதனால் ஐந்து மணிக்கே பெண் வீட்டில் விருந்து. வீட்டார் காலையிலேயே வண்டி கட்டிப் போய்விட்டார்கள். மண்டியைப் பூட்டிவிட்டு சைக்கிளில் வருகிறேன் என்றேன்.

பூட்டினேன். கொட்டகையில் மேட்னிக்கு மணி அடித்தது.

இடைவேளையில் கிளம்பிவிடலாம் என்றுதான் போனேன். கதைதான் தெரிந்ததாயிற்றே! ஏழை நாயகன், ஜமீன் வில்லன், அழுகிற அம்மா, கடைசியில் மலைக்கோட்டையில் வாள் சண்டை. எல்லாப் படமும் அதுதான். ஆனால் நாயகன் ஒரு புருவத்தைத் தூக்கினால் என்னால் எழ முடியவில்லை. வில்லன் சிரித்தால் சுத்தமாக முடியவில்லை. வெளியே நிஜமான செஞ்சிக்கோட்டை சும்மா நின்றுகொண்டிருக்க, உள்ளே அட்டைக் கோட்டைக்காகத் தொண்டை கிழியக் கத்தினேன்.

விழுந்தடித்து மிதித்தும், போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வராமல் யாரும் கை நனைக்கவில்லை. இனி விடியும்வரை நனைக்கவும் முடியாது. வடையும் பாயசமும் இராத்திரியில் சாப்பிடுகிறவர்கள் இருக்கும் அடுத்த தெருவுக்குப் போய்விட்டன.

"இன்னா தம்பி, இவ்ளோ நேரம்?" என்றார் பெண்ணின் அப்பா.

"சைக்கிள் பஞ்சர், மாமா."

அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். கொட்டகையில் வாங்கிய பாட்டுப் புத்தகத்திலிருந்து நாயகன் வாளோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நைனா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கெளம்புங்க, போலாம். இந்த மூஞ்சிக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதற்குள் பெண்ணைக் கதவோரம் பார்த்துவிட்டேன், பிடித்தும்விட்டது.

அங்கிருந்தே அவள் கேட்டாள்: "படத்தோட முடிவு தெரியாமத்தான் உக்காந்திருந்தீங்களா?"

"இல்ல, மொதல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் எழுந்து வரல?"

"மனசு வரல."

அவள் தன் அப்பாவிடம் திரும்பினாள். "சரின்னு சொல்லிடு நைனா. இன்னா நடக்கப் போவுதுன்னு தெரிஞ்சும் பாதியில விட்டுட்டுப் போவாத ஆளு. எனக்கு இது போதும்."

பசியில் இருந்த பதினான்கு பேரும் சிரித்துவிட்டார்கள்.

இன்றும் மாமனார் வீட்டு விசேஷங்களில் எனக்கு மட்டும் மூன்று மணிக்கே இலை போட்டுவிடுவார்கள். "மாப்ள உக்காந்துட்டாரா?" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வரும்.

"உக்காந்துட்டாரு," என்பாள் என் மனைவி. "இனிமே எல்லாருக்கும் தைரியமாப் பசிக்கலாம்."